ஆர்எக்ஸ் 100 பிளாக் தேய்ஞ்சு போச்சு: ரிங் போதுமா, ரீபோரா, இல்ல புது செட்டா?

தம்பி, நீங்க எழுதினதை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. மன்னார்குடி பக்கம் பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணு வாங்கி, கட்டை டயர் போட்டு, முன் மட்கார்டை தூக்கி வச்சு டர்ட் பைக்கா மாத்தி, கோடையில காஞ்சு கிடக்கிற ஆத்துலயும் அறுவடை முடிஞ்ச வயல்லயும் ஓட்டியிருக்கீங்க. இப்ப கிக்கர் மேல கால வச்சாலே இறங்கிடுது, இழுவை இல்ல, சூடானா கலகலன்னு சத்தம். ஒரு மெக்கானிக் ரிங் மட்டும் மாத்தினா போதும்ங்கிறார், இன்னொருத்தர் ரீபோர், அதாவது சிலிண்டர் துளையை (போர்) கொஞ்சம் பெருசா கடைஞ்சு அதுக்கேத்த பிஸ்டன் போடணும்ங்கிறார், மூணாவது ஆளு பிளாக் (அதான் அந்த சிலிண்டர்) பிஸ்டன் செட்டா புதுசு வாங்கிப் போட்டுடுன்னு சொல்றார். கூடவே உங்க ஃப்ரெண்டோட ஒய்இசட் 125ங்கிற யமஹா டர்ட் ரேஸ் பைக்கோட சிலிண்டரையும் அதே லேத்துல கொடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல கடைசிக் கேள்விக்கு பதில்: கொடுக்காதீங்க. ஏன்னு கீழ சொல்றேன். உங்க ஆர்எக்ஸுக்கு ரீபோர்தான் பெரும்பாலும் வரும், ஆனா அந்த மூணு பேர்ல யாருமே பிளாக்கை கழட்டி அளந்து பார்க்கல, அதனால மூணு பேர் சொன்னதும் யூகம்தான். அதைவிட முக்கியமா, இது ஏன் தேய்ஞ்சதுன்னு யாருமே கேக்கல. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுட்டு புது போர் போட்டா அடுத்த கோடைக்குள்ள மறுபடி இதே கிக்கர் இதே மாதிரி இறங்கும், அவ்ளோதான்.

அதனால ஹெட்ட கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது கார்புரேட்டர் பக்கம் இருக்கிற ரப்பருக்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. விரல்ல மண்ணு நெறுநெறுன்னு ஒட்டினா கதை பாதி முடிஞ்சது. நம்ம டெல்டா மண்ணு ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், ஈரத்துல களி மாதிரி இருக்கும், காஞ்சா மாவு மாதிரி பறக்கும், கதிர் அறுக்கிற மெஷின் ஓடுற வயல் ஓரமா நின்னவங்களுக்கு அது எவ்ளோ நைஸான தூசின்னு தெரியும். கொள்ளிடத்து மணலாவது கனமானது, கீழயே விழும், இந்த வண்டல் தூசி காஞ்ச ஃபில்டருக்குள்ள சுலபமா பூந்துடும். உங்க ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்ல உள்ள வர்ற காத்து நேரா சிலிண்டருக்குப் போறது இல்ல, முதல்ல பிளாக்குக்குக் கீழ இருக்கிற கிராங்க் கேஸுக்குள்ள போய், கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட் பேரிங் எல்லாத்தையும் தொட்டுட்டுதான் மேல ஏறுது. அதனால தூசி வந்தா பிஸ்டன் மட்டும் இல்ல, கீழ இருக்கிறதும் சேர்ந்து தேயும். ஃபோம் ஃபில்டர் போட்டு, அதுக்கு ஃபில்டர் ஆயில் தடவி, பெட்டியோட உட்கார்ற ஓரத்துல கிரீஸ் வச்சு ஓட்டறதுதான் வழி. சில பசங்க சத்தத்துக்காக பெட்டியையே கழட்டி வீசிட்டு வெறும் வலை மாட்டி ஓட்டறாங்க பாருங்க, அவங்களுக்கு நான் என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்ல, லேத்காரருக்கு வருமானம்.

இப்ப பிளாக்கை கழட்டுங்க. பிஸ்டனை துடைச்சிடாதீங்க, அப்படியே வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க, என்ன நடந்ததுன்னு அதுலயே எழுதியிருக்கும். கார்புரேட்டர் பக்கத்துப் பாவாடை (பிஸ்டனோட கீழ்ப்பக்கச் சுவர்) மட்டும் மங்கிப் போயி மேலிருந்து கீழ மெல்லிசா கோடு கோடா இருந்தா தூசி. சைலன்சர் பக்கம் மட்டும் உரசி அலுமினியம் இழுத்துட்டு வந்திருந்தா, ஆயில் பத்தல, இல்ல மிக்சர் லீனாகி, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம சூடு ஏறியிருக்கு. சுத்தி நாலு மூலையிலயும் ஒரே மாதிரி உரசின தடம் இருந்தா, கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல விடற இடைவெளி) கம்மியா போர் பண்ணியிருக்காங்க, இல்ல இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே முறுக்கியிருக்காங்க. ரிங்குக்குக் கீழ பழுப்பா, கருப்பா கரி படிஞ்சிருந்தா ரிங் அடைக்கல, எரிஞ்ச காத்து கீழ இறங்கியிருக்கு.

லீன் ஆகிறதுக்கு ஜெட், அதாவது கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவா வர்ற சின்னத் துளை, மட்டும் காரணம் இல்ல. கார்புரேட்டரையும் பிளாக்கையும் சேர்க்கிற ரப்பர் வெடிச்சிருக்கும், மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் காஞ்சு போயிருக்கும், அது வழியா திருட்டுக் காத்து உள்ள வரும், பெட்ரோலும் ஆயிலும் இல்லாத வெறும் காத்து. கிளட்ச் பக்கத்து சீல் போனா வேற மாதிரி, கியர் ஆயிலை உறிஞ்சி சைலன்சர்ல புகை புகையா தள்ளும், கியர் ஆயில் லெவல் குறைஞ்சுகிட்டே வரும். இதைக் கண்டுபிடிக்க லீக் டெஸ்ட் பண்ணணும்: சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வச்சு அடைச்சுட்டு, கைப்பம்புல சுமார் 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி சில நிமிஷம் நிக்குதான்னு பார்க்கணும், இறங்கினா சோப்புத் தண்ணி தடவி எங்க குமிழ் வருதுன்னு பிடிக்கணும். 6க்கு மேல ஏத்தாதீங்க, சீலே வெளிய தள்ளிக்கும். இந்த டெஸ்ட்ட கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மாட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவை பண்ணணும். நம்ம ஊர்ல இதை யாரும் பண்றது இல்ல, புது பிஸ்டன் போட்ட வண்டி சீக்கிரமே பிடிச்சுக்கிறதுல பாதிக்கு மேல இதனாலதான்னு என் அனுமானம்.

ஆயில் விஷயம். ஆர்எக்ஸ்ல கம்பெனி கொடுத்தது தனி ஆயில் டேங்க், பம்ப். மாத்திக் கட்டினவங்க பல பேரு பம்பை எடுத்துட்டு பெட்ரோல்லயே கலந்து ஓட்டறாங்க. அப்படின்னா லிட்டருக்கு 25 மில்லி போட்டா 1க்கு 40, 30 மில்லி போட்டா கிட்டத்தட்ட 1க்கு 33. ஆத்து மணல்ல ஓட்டற காத்துல ஆறுற இன்ஜினுக்கு நான் 30 மில்லி பக்கம்தான் நிப்பேன். ஆயில் டப்பாவுல ஜாஸோ எஃப்சி இல்ல எஃப்டின்னு டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான தர முத்திரை போட்டிருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல் இ20, அதாவது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது, எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கு, அதனால பழைய ஜெட்டுலயே மிக்சர் கொஞ்சம் லீனாகும். மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏத்திப் பார்த்து பிளக் கலர் காப்பித்தூள் மாதிரி வருதான்னு பாருங்க, வெள்ளையா வந்தா அபாயம்.

மணல்ல ஓட்டறதே இந்த இன்ஜினுக்கு தண்டனைதான்னு புரிஞ்சுக்கணும். ஃபுல் திராட்டில், ஆனா வண்டி மெதுவா போவுது, பிளாக் மேல காத்து படல. அதோட, போன தடவை வாய்க்கால்ல இறங்கினப்போ பட்ட சேறு ஃபின்னுக்கு (பிளாக்கைச் சுத்தி சூடு ஆத்துற தகடு) நடுவுல காஞ்சு அப்பியிருந்தா, அந்தப் பக்கம் மட்டும் சூடு வெளியேறாம பிளாக் கோணும். ஃபின்ன பிரஷ் போட்டு கழுவறதுக்கு காசு கிடையாது.

இப்ப அளக்கறது. உங்க பிளாக் வெளிய அலுமினியம், உள்ள வார்ப்பிரும்பு லைனர், ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50, அதான் 98 சிசி. போர் கேஜ் வச்சு மேலருந்து ஒரு 10 மி.மீ. கீழ, நடுவுல, அடியில, ஆக மூணு இடத்துல, ஒவ்வொரு இடத்துலயும் கஜன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் சேர்க்கிற பின்) போற திசையில ஒண்ணு, அதுக்குக் குறுக்க ஒண்ணுன்னு அளக்கணும். போர்ட், அதாவது காத்தும் புகையும் போய் வர்றதுக்கு சுவர்ல இருக்கிற ஓட்டை, அது மேல கேஜ் கால் விழுந்தா அந்த அளவு செல்லாது. மேலயும் கீழயும் உள்ள வித்தியாசம் 0.05 மி.மீ. தாண்டினாலோ, ஒரே உயரத்துல ரெண்டு திசைக்கு நடுவுல 0.01க்கு மேல வித்தியாசம் வந்தாலோ, போர் வட்டமும் இல்ல நேரும் இல்லன்னு அர்த்தம். அப்ப புது ரிங் போட்டு என்ன புண்ணியம்? ரிங் வட்டமா இருக்கும், போர் முட்டையா இருக்கும், நடுவுல காத்து போகும். முதல் மெக்கானிக் சொன்ன யோசனை இங்கதான் அடிபடுது. போர் அளவுல சரியா இருந்து ரிங் இடைவெளி மட்டும் கூடியிருந்தா அவர் சொன்னது சரி. ரிங்கை பிளாக்குக்குள்ள பிஸ்டன் தலையால நேரா தள்ளி வச்சு ஃபில்லர் கேஜால இடைவெளி பார்த்தா தெரிஞ்சிடும், 50 மி.மீ. போருக்கு 0.2 பக்கம் இருந்தா நல்லா இருக்கு, அதைத் தாண்டி ரொம்ப விரிஞ்சிருந்தா ரிங்கோ போரோ தேய்ஞ்சிருக்கு. கேஜ் இல்லாத மெக்கானிக் விரல் நகத்த வச்சு மேல படி தெரியுதான்னு பார்ப்பார், அது மோசமான தேய்மானத்த காட்டும், ஆனா முடிவெடுக்க அது போதாது.

ஒரு விதிவிலக்கு சொல்லிடறேன். பிஸ்டன் பிடிச்ச வண்டியில சில நேரம் போர் தேய்ஞ்சே இருக்காது, பிஸ்டனோட அலுமினியம் சுவர்ல அப்பிக்கிட்டு பயங்கரமா தெரியும். அதை நைஸா எடுத்துட்டு அளந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அதனால பார்த்த உடனே பயந்து பிளாக்கை பழைய இரும்புக் கடையில போட்டுடாதீங்க.

மூணாவது ஆளு சொன்ன புது செட்டு பத்தி. ஆர்எக்ஸ் 100 இந்தியாவுல 1985ல வந்து 1996ல நின்னு போன வண்டி. இப்ப கடையில கிடைக்கிற பிளாக் எல்லாம் வெளிய யாரோ வார்த்தது, சிலது பரவாயில்ல, சிலதுல போர்ட் உயரம் ஒரு பக்கம் ஒரு மாதிரி மறுபக்கம் ஒரு மாதிரி இருக்கும், போர்ட் உள்ள வார்ப்பு பிசிறு அப்படியே நிக்கும். டூ ஸ்ட்ரோக்ல பவர் எங்க இருக்குன்னா அந்தப் போர்ட் உயரத்துலதான் இருக்கு. கையில ஒரிஜினல் பிளாக் இருக்கு, ஃபின் உடையல, லைனர் வெடிக்கல, ஓவர்சைஸ் (ரீபோருக்கு வர்ற பெரிய பிஸ்டன் அளவு) இன்னும் மிச்சம் இருக்குன்னா, அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறது எனக்கு மனசு வராது.

ரீபோர்தான்னு முடிவாச்சுன்னா முதல்ல பிஸ்டன் வாங்குங்க, அப்புறம்தான் லேத்துக்குப் போங்க. இது தலைகீழா நடக்கிறதுதான் வழக்கம், "0.50 போர் பண்ணிடுங்க"ன்னு பிளாக்கை கொடுத்துட்டு சாயங்காலம் பிஸ்டன் தேடிப் போறது. டப்பாவுல 0.50ன்னு போட்டிருந்தா உள்ள இருக்கிற பிஸ்டன் சரியா அந்த அளவுல இருக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல. கையில இருக்கிற பிஸ்டனை பாவாடையில, பின்னுக்குக் குறுக்கால மைக்ரோமீட்டர் வச்சு அளந்து, அதுக்கு மேல கிளியரன்ஸ் சேர்த்து போர் அளவு சொல்லணும். பிஸ்டன் கூட பேப்பர் வந்தா அதுல போட்டிருக்கிற கிளியரன்ஸ், இல்லன்னா இந்த மாதிரி வார்ப்பு பிஸ்டனுக்கு 0.04ல இருந்து 0.05 மி.மீ. வரைக்கும், மணல்ல ஓட்டறவங்க அந்த 0.05 பக்கமே நில்லுங்க. ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00ன்னு படிப்படியா வரும். எந்தச் சின்ன அளவுல போர் முழுசா சுத்தமாகுதோ அதைப் போடுங்க. "எப்படியும் பண்றோம், 1.00 போட்டா பவர் கூடும்"னு சொல்ற ஆளுங்க உண்டு. 51 மி.மீ.ன்னா 102 சிசி, நாலு சிசி கூடினதுல ஒண்ணும் பறக்காது, ஆனா அடுத்த மூணு ரீபோர ஒரே நாள்ல தின்னு தீர்த்திருப்பீங்க.

இப்ப லேத். இதுதான் இந்தப் பதில்லயே நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது. கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடின்னு நம்ம பக்கத்து போரிங் பட்டறைக்கெல்லாம் அதிகமா வர்ற வேலை டிராக்டரு, பவர் டில்லரு, டீசல் பம்ப்செட்டு. அவங்க கை அந்த அளவுக்குப் பழகினது, பெரிய போர், பெரிய கிளியரன்ஸ், சுவர்ல ஓட்டையே இல்லாத லைனர். நம்ம பிளாக்குல சுவர் முழுக்க ஜன்னல். கட்டிங் டூல் போர்ட் ஓரத்துல வந்து விழுறப்போ துள்ளும், அந்த இடத்துல போர் கோணும், அதனால கடைசி வெட்டெல்லாம் ரொம்ப மெல்லிசா இருக்கணும், ஹோனிங்குக்குன்னு, அதாவது கடைசியா கல்லு வச்சு சுவரைத் தேய்ச்சு முடிக்கிறதுக்குன்னு, 0.02, 0.03 மி.மீ. மிச்சம் விடணும். மூணு காலு ஸ்பிரிங் ஹோன் வேண்டாம், கல்லு போர்ட்டுல மாட்டி உடையும், இல்ல ஓரத்தைக் கடிக்கும். நீளக் கல்லு வச்ச கெட்டியான ஹோன் இருக்கிற பட்டறையா பாருங்க. அதுக்காக திருச்சி வரைக்கும் பஸ்ல போனாலும் தப்பில்ல. அளவைப் பேப்பர்ல எழுதிக் கொடுங்க, வாயால சொன்னா மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் மறந்துடும். பிஸ்டனையும் அங்கேயே விட்டுட்டு வாங்க.

திரும்ப வாங்கும்போது ரெண்டு விஷயம் பார்க்கணும். சுவர்ல ஹோன் கோடு ஒண்ணுக்கொண்ணு குறுக்கா பின்னல் மாதிரி தெரியணும், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா ரிங் படியாது, ஆயிலும் நிக்காது. ரெண்டாவது, போர்ட் ஓரம். போர் பண்ணினதும் ஒவ்வொரு ஜன்னலோட விளிம்பும் பிளேடு மாதிரி நிக்கும். ரிங் ஜன்னலை கடக்கும்போது லேசா வெளிய பிதுங்கும், அந்த விளிம்புல மாட்டினா ரிங் உடையும், உடைஞ்ச துண்டு மேல போய் ஹெட்டையும் பிஸ்டனையும் கொத்திடும். மேல் விளிம்பு கீழ் விளிம்பு எல்லாத்தையும் சின்ன அரம், அப்புறம் நைஸ் உப்புத்தாள் வச்சு லேசா மழுக்கணும், விரலை விட்டா எங்கயும் சுரண்டக் கூடாது. லேத்காரர் பண்ணித் தர மாட்டார், டிராக்டர் லைனர்ல அந்த வேலையே கிடையாது, நீங்களோ மெக்கானிக்கோ உக்காந்து பண்ணணும். பண்ணி முடிச்சு, வெந்நீர், துணி சோப்பு, பிரஷ் போட்டு தேய்ச்சுக் கழுவுங்க. பெட்ரோல்ல அலசினா கல்லுத்தூள் போகாது, ஹோன் கோட்டுக்குள்ளயே உக்காந்துக்கும், அப்புறம் அது ஃபில்டர் வழியா வந்த மண்ணைவிட மோசம். வெள்ளை வேட்டித் துணியில துடைச்சா சாம்பல் கலர் ஒட்டாத வரைக்கும் கழுவி, காஞ்ச உடனே டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) தடவிடுங்க, வார்ப்பிரும்பு கண் முன்னாடியே துரு பிடிக்கும்.

மாட்டறதுக்கு முன்னாடி கீழ ஒரு கண்ணு. கனெக்டிங் ராடை பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா ஆட்டமே இருக்கக் கூடாது, பக்கவாட்டுல கொஞ்சம் இருக்கும், அது பரவாயில்ல. மேல கீழ டொக்குன்னு தட்டினா கிராங்க் வேலை இருக்கு. பழைய பிஸ்டனோ ரிங்கோ உடைஞ்சிருந்தா கிராங்க் கேஸை பிரிச்சே ஆகணும், துண்டு உள்ள இருக்கும். பிஸ்டன் தலையில இருக்கிற அம்புக்குறி சைலன்சர் பக்கம், ரிங் வாய் அதுக்குன்னு இருக்கிற முளையில சரியா உக்காரணும், கஜன் பின் கிளிப் ரெண்டும் புதுசு, கீழ் பேக்கிங் பழைய கனத்துலயே இருக்கணும், கனம் மாறினா போர்ட் டைமிங் மாறும். ஹெட் நட்டை குறுக்கு மறுக்கா முறுக்குங்க.

ஸ்டார்ட் பண்ணி ஃபின் நல்லா சூடாகிற வரைக்கும் மட்டும் ஐடில்ல விட்டு நிறுத்தி, முழுசா ஆற விடுங்க, இதை ரெண்டு மூணு தடவை. ஆறினதும் ஹெட் நட்டை ஒரு தடவை பாருங்க. அப்புறம் ரோட்டுல, ஒரே வேகத்துல புடிச்சு வைக்காம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, ஃபுல் திராட்டிலும் வேண்டாம், டாப் கியர்ல திணற விடறதும் வேண்டாம். ரன்னிங் இன் முடியற வரைக்கும் ஆத்துப் பக்கமே போகாதீங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில வண்டி மாசக் கணக்கா சும்மா நிக்கும்னா பிளக்கை கழட்டி ரெண்டு ஸ்பூன் டூடி ஆயில் விட்டு மெதுவா கிக் பண்ணி வைங்க, வாரம் ஒரு தடவை பிஸ்டன் நிக்கிற இடத்தை மாத்துங்க. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம்னா உப்புக் காத்து வேற, இரும்பு லைனர்ல துரு குழி விழுந்தா அதுவே ஒரு ஓவர்சைஸை தின்னுடும். 1.00ம் முடிஞ்சு போன பிளாக்குக்கு புது லைனர் இறக்கலாம், பிளாக்கை 200 டிகிரி பக்கம் சூடு பண்ணி பழசைத் தள்ளி புதுசைப் போட்டு, போர்ட்டெல்லாம் வெளி ஓட்டையோட சேருதான்னு பார்த்து, அப்புறம் திரும்ப போர். நல்ல கை கிடைச்சா மட்டும் பண்ணுங்க.

கடைசியா ஃப்ரெண்டோட ஒய்இசட். அதுல இரும்பு லைனர் கிடையாது, அலுமினியச் சுவர் மேலயே நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சு, நிகாசில்னு சொல்ற வகை. மாலே கம்பெனி 1967ல வாங்கெல் ரோட்டரி இன்ஜினுக்காக உண்டாக்கினது, அப்புறம் ரேஸ் இன்ஜினுக்கெல்லாம் வந்தது. மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் கனம், ஆனா கல்லு மாதிரி கெட்டி. இதை லேத்துல வச்சு போர் பண்ணினா முதல் சுத்துலயே பூச்சு போய் வெறும் அலுமினியம் வந்துடும். அதனாலதான் மேல கொடுக்காதீங்கன்னு சொன்னேன். இந்த வகையில பெரும்பாலும் சுவர் தேயாது, பிஸ்டன்தான் தேயும், அளவு சரியா இருந்தா சிலிண்டர்ல குறிச்சிருக்கிற அதே சைஸ் எழுத்துக்கு ஏத்த பிஸ்டன் ரிங் போட்டா முடிஞ்சது.

இந்த ஒய்இசட் பூச்சு மேல அப்பிக்கிட்ட பிஸ்டன் அலுமினியத்தை எடுக்க பஞ்சுக் குச்சியில பாத்ரூம் கழுவுற ஆசிட் தொட்டு அந்தத் தடத்து மேல மட்டும் வைக்கலாம். பொங்கும், துடைங்க, திரும்ப வைங்க, பொங்கறது நின்னா அலுமினியம் போயிடுச்சு, உடனே தண்ணியில அலசிடுங்க. கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கிட்டு வெட்டவெளியில பண்ணுங்க, போர்ட்டுக்குள்ள ஆசிட் இறங்கக் கூடாது, அது வெறும் அலுமினியம், அரிச்சிடும். தடம் போன பிறகும் ஒரே இடத்துல மட்டும் விடாம பொங்கிக்கிட்டே இருந்தா நிறுத்திடுங்க, அந்த இடத்துல பூச்சு இல்ல, அடி உலோகத்தை ஆசிட் தின்னுட்டு இருக்கு. நகம் மாட்டற அளவு கீறலோ, பூச்சு உரிஞ்சதோ இருந்தா பழைய பூச்சை எடுத்துட்டு திரும்ப பிளேட்டிங் பண்ற ஸ்பெஷல் யூனிட்டுக்குத்தான் அனுப்பணும், அவங்க வைரக் கல்லு வச்சு ஹோன் பண்ணித் தருவாங்க. அது செலவு ஜாஸ்தின்னு இரும்பு லைனர் இறக்கறவங்களும் உண்டு, ஓடும், அடுத்த தடவை சாதாரணமா ரீபோர் பண்ணிக்கலாம், ஆனா கனம் கூடும், சூடு வெளியேறறது குறையும், கிளியரன்ஸும் கொஞ்சம் கூட்டி வைக்கணும். ரேஸுக்கு ஓட்டறார்னா பிளேட்டிங், வார இறுதியில ஆத்தோரம் சுத்தறார்னா லைனரே போதும்னு அவர்கிட்ட சொல்லுங்க. உங்க பிளாக்கை அளந்துட்டு ஆறு அளவையும், பிஸ்டன் பாவாடை போட்டோவையும் போடுங்க, எந்த சைஸ் போகலாம்னு பார்த்துச் சொல்றேன்.